பணி ஆணையில் இல்லாத ஊர்

பெருநகரத்துக்கு வேலை தேடிச் செல்பவர், கிடைத்த வேலை கைவிட்டுப் போனாலும் அதே நகரத்தில் வேறொன்றைத் தேடிக்கொண்டு, அதே வீட்டில் வாழ்வைத் தொடர முடியும். ஒரே அமைப்பைச் சுற்றி எழுந்த கடலோரச் சிற்றூருக்குப் பணிநிமித்தம் குடிபெயர்பவருக்கு அந்த வசதி இல்லை. வேலை, வீடு, மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி, மாலையில் உடன் நடக்கும் நண்பர்கள் என எல்லாமே ஒரே பணி ஆணையின் வழியாக அவரிடம் வந்து சேர்கின்றன. அந்த ஆணையின் காலம் முடியும்போது ஒன்றாகவே விலகியும் போகின்றன. இத்தகைய ஊரை 'நிறுவன நகரியம்' என்று அழைக்கலாம். வேலை தரும் அமைப்பே வீட்டுக்கு உரிமையாளராகவும் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பாளராகவும் இருக்கும் குடியிருப்பு என்பது இதன் பொருள். தமிழகக் கடற்கரையில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், அணுசக்தித் துறையைச் சுற்றி எழுந்த கல்பாக்கம்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் அறிவியலாளர்களும் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் இங்கே குடிவந்து, பணிக்காலம் முழுவதையும் கழித்துச் சென்றிருக்கிறார்கள். அவர்களுக்கு நகரியம் நிறையவே கொடுத்திருக்கிறது. ஆனால் நகரியத்தில் குடியேறுவதும் ஊருக்குள் வந்து சேர்வதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உணராமலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிடுவது இங்கே எளிது என்பதும், அதற்கான விலை ஒருமுறை மிகக் கொடூரமாகக் கொடுக்கப்பட்டது என்பதும் கல்பாக்கத்தின் வரலாற்றிலிருந்து தெரியவரும் செய்திகள்.

பாக்கமும் பட்டினமும்

தமிழ் மரபு நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்பட்டன. அந்நிலத்து ஊர்களுக்குப் பட்டினம், பாக்கம் என்ற பெயர்கள் வழங்கின. பிற்காலத்தில் உள்நாட்டு ஊர்கள் பலவும் பாக்கம் என்ற ஈற்றைப் பெற்றன என்றாலும், கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் இந்தப் பெயர்கள், அணு உலையின் குவிமாடம் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது குடியிருந்த கரை என்பதை வெளிப்படையாகச் சொல்கின்றன. கிழக்கே வங்கக் கடல், மேற்கே கடற்கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்காம் கால்வாய், தெற்கே வாயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு ஆகிய மூன்று நீர்நிலைகளுக்கு நடுவே அமைந்த மணல் நிலம் இது. வடக்கே மாமல்லபுரமும் மேற்கே திருக்கழுக்குன்றமும் பேருந்தில் எளிதில் சென்று திரும்பும் தொலைவில் உள்ளன.

இந்தக் கரை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. அணு மின் நிலையம் தான் உண்டாக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றுகிறது. எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றப் பெருமளவு நீர் வேண்டும், அதைக் கடல் தருகிறது. கனத்த கட்டுமானத்தைத் தாங்கும் சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை மணலுக்கு அடியில் இருக்கிறது. நாட்டின் கிழக்கிலும் நடுவிலும் உள்ள நிலக்கரி வயல்களிலிருந்து தமிழகம் வெகு தொலைவில் இருந்ததால், நிலக்கரியை ரயிலேற்றிக் கொண்டுவரும் செலவோடு ஒப்பிடும்போது அணு மின்சாரம் பொருந்தி வந்தது. 1967-இல் எம்.ஆர். சீனிவாசன், இங்கே எழவிருந்த சென்னை அணு மின் நிலையத்தின் தலைமைத் திட்டப் பொறியாளராகப் பொறுப்பேற்றார். 1971-இல் அதே வளாகத்தில் உலை ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. 1985-இல் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாற்றப்பட்டது.

மின் நிலையத்தின் முதல் அலகு 1984 ஜனவரியிலும் இரண்டாம் அலகு 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. இவை அழுத்தக் கனநீர் உலைகள். அதாவது, இயற்கை யுரேனியத்தை எரிபொருளாகவும், சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தைக் கொண்ட நீரை, நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் பொருளாகவும் பயன்படுத்துபவை. இதே வளாகத்தில் உள்ள வேக ஈனுலை இவற்றிலிருந்து வேறுபட்டது: நியூட்ரான்களைத் தணிக்காமல் விட்டு, உருகிய சோடியத்தால் வெப்பத்தை எடுத்து, தான் எரிப்பதைவிடக் கூடுதலான எரிபொருளை ஈனும்படி அது வடிவமைக்கப்படுகிறது. இவ்வகையில் சிறிய சோதனை உலை 1985 அக்டோபரில் இயக்க நிலையை எட்டியது. 500 மெகாவாட் திறனுள்ள முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கி, அதன் உலை மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச் 4 அன்று பிரதமர் முன்னிலையில் ஆரம்பமானது. மாமல்லபுரத்துச் சிற்பத் தொகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும் முதல் அலகு மின்சாரம் விற்கத் தொடங்கியதும் ஒரே ஆண்டில், 1984-இல், நிகழ்ந்தவை என்பது இக்கரையின் இரு காலங்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் காட்டும்.

குவார்ட்டர்ஸ் என்னும் உலகம்

அணுசக்தித் துறையில் புதிதாகச் சேரும் இளைஞர் பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சியோடு தொடங்குகிறார். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 2006 முதல் கல்பாக்கத்திலும் நடைபெறுகிறது. விடுதி அறையில் தொடங்கும் இந்த வாழ்வு, திருமணத்துக்குப் பின் குவார்ட்டர்ஸுக்கு, அதாவது துறை ஒதுக்கும் குடியிருப்புக்கு, மாறுகிறது. வீட்டின் அளவு சம்பள நிலையையும் பணிமூப்பையும் பொறுத்தது. சிறிய வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்கு மாறுவதே இங்கே பதவி உயர்வின் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். குவார்ட்டர்ஸ் பெற்றவருக்கு வீட்டு வாடகைப் படி நின்றுவிடுகிறது. அதற்கு ஈடாக, பெருநகரத்தில் அதே சம்பளத்தில் கற்பனை செய்ய முடியாத மர நிழலும் அமைதியும், பிள்ளைகள் மிதிவண்டியில் தனியே பள்ளிக்குப் போகும் பாதுகாப்பும் கிடைக்கின்றன. நகரியத்தையும் மருத்துவமனையையும் பராமரிப்பது பொதுச் சேவை அமைப்பு. 1969-இல் தொடங்கப்பட்ட அணுசக்திக் கல்விச் சங்கத்தின் மத்தியப் பள்ளிகளும் கேந்திரிய வித்யாலயாவும் பிள்ளைகளுக்குக் கல்வி தருகின்றன. கல்பாக்கம் நகரியம் போதாமல் போனபோது சற்று மேற்கே அணுபுரம் என்ற இரண்டாம் நகரியம் எழுந்தது.

இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. வங்காளத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்து, ஒருவர் பண்டிகையை மற்றவர் கொண்டாடிய ஊர் இது. ஆனால் இந்த வாழ்வின் இரண்டு குறைகளைப் பணி ஆணை ஒருபோதும் குறிப்பிடுவதில்லை.

முதலாவது, ஆணை ஒருவர் பெயரில் வருகிறது; ஊருக்கு வருபவர் இருவர். மனைவியோ கணவனோ கற்றிருக்கும் தொழிலுக்கு இச்சிற்றூரில் இடம் அரிது. வங்கி, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு அப்பால் படித்தவர்களுக்கான வேலைகள் பழைய மாமல்லபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலோ சென்னைக்குள்ளோதான் இருக்கின்றன. ஆகவே சில குடும்பங்கள் சென்னையிலேயே வீடு வைத்துக்கொள்கின்றன, பணியாளர் நாள்தோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் வருகிறார். வேறு பல குடும்பங்களில் இருவரில் ஒருவர், பெரும்பாலும் பெண், தம் தொழிலை விட்டுக்கொடுக்கிறார். இது அந்தந்தக் குடும்பம் தனக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கடம் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. ஓர் அரசுத் துறை தன் அறிவியலாளரை ஒதுக்கமான கரைக்கு அழைக்கும்போது, அவருடைய துணையின் ஆற்றலும் அதே கரையில் வீணாகிறது என்பது பொதுக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டிய இழப்பு.

இரண்டாவது, நகரியத்தின் வாயிலுக்கு வெளியே இருக்கும் ஊர். புதுப்பட்டினத்தின் கடைத்தெருவும் மீன் விற்கும் பெண்களும் வாடகை வீடுகளும் இல்லாமல் நகரியம் ஒரு நாளும் நடக்காது. கட்டுமான ஒப்பந்ததாரர்கள் அழைத்து வரும் வட மாநிலத் தொழிலாளர்களும் வேலைக்காக இதே கடற்கரைக்குக் குடிபெயர்ந்தவர்களே. அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது, ஒண்டிக்குடித்தன அறைகளே உண்டு. ஒரே உலைக்காக வந்த இரு வகைக் குடிபெயர்வோர் ஒரே கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு, ஒருவரையொருவர் அறியாமலேயே இருந்துவிடுகின்றனர்.

கதிரியக்கம் பற்றிய அச்சமும் கணக்கும்

கல்பாக்கத்தில் வேலை என்றதும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி கதிரியக்கத்தைப் பற்றியதாகவே இருக்கும். கதிரியக்கப் பகுதிகளில் வேலை செய்பவர் மார்பில் சிறு வில்லை ஒன்றை அணிகிறார். உடலில் பட்ட கதிர்வீச்சைத் தன்னுள் தேக்கிக்கொண்டு, பின்னர் சூடேற்றும்போது அந்த அளவுக்கேற்ப ஒளியை உமிழும் படிகம் அதில் உள்ளது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். சீவர்ட் என்பது கதிர்வீச்சு உடலுக்கு விளைவிக்கக்கூடிய பாதிப்பைக் கணக்கிடும் அலகு. நிலையம் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே இப்பகுதியின் மண், நீர், மீன், பயிர் ஆகியவற்றில் இயற்கையாக இருந்த கதிரியக்கத்தை அளந்து பதிவு செய்யும் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. பின்னாளில் கூடியதா, இல்லையா என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால் முன்னாளின் அளவு கையில் இருக்க வேண்டும் அல்லவா?

வெளியூரார் அதிகம் அறியாத மற்றொரு கணக்கும் உண்டு. உலையைச் சுற்றி 1.6 கிலோமீட்டர் வரை மக்கள் குடியிருக்க இயலாத விலக்கு வளையம். 5 கிலோமீட்டர் வரை, இயல்பாகப் பெருகும் மக்கள்தொகையை அனுமதித்து, புதிய பெருங்குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் வளையம். 16 கிலோமீட்டர் வரை அவசரநிலைத் திட்டத்துக்கான வளையம். இவ்வளையங்கள் பாதுகாப்புக்கானவை, தேவையானவை. அதே வேளையில், தலைமுறைகளாக இங்கே வாழ்பவர்களின் நில வளர்ச்சியின் மீது அவை ஓர் எல்லைக்கோட்டை வரைகின்றன. குடிவந்தவரின் வேலைக்காகக் குடியிருந்தவர் ஏற்றுக்கொண்ட சுமை இது என்பதைப் புதிதாக வருபவர் தெரிந்துகொண்டே வர வேண்டும்.

கடல் கற்பிப்பவை

உள்நாட்டிலிருந்து வரும் குடும்பம் முதலில் எதிர்கொள்ளும் பகை உப்புக்காற்று. காற்றிலுள்ள குளோரைடு, இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைத்து உள்ளே அரிக்கிறது; எஃகுப் பொருள்கள் துருவேறுகின்றன, சன்னல் கீல்கள் இறுகுகின்றன, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறக் குழாய்கள் ஓட்டையாகின்றன. அரிமானத்தை ஆராயும் தனிப் பிரிவே ஆராய்ச்சி மையத்துக்குள் இயங்குகிறது. வீடுகளில் அதே அரிமானத்தைத் தேங்காய் எண்ணெயும் வண்ணப்பூச்சும் எதிர்த்து நிற்கின்றன. இதற்கு ஈடு செய்வது கடற்காற்று: வேலூரும் செங்கல்பட்டும் கொதிக்கும் கோடை நாளில் நண்பகலை ஒட்டி அது இக்கரையில் ஏறிவிடும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருகின்றன. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தை ஒட்டித்தான்.

நீர் இங்கே ஓயாத கவலை. பாலாற்றின் படுகைக் கிணறுகளே நெடுங்காலம் நகரியத்தையும் நிலையத்தையும் தாங்கின. மணல் கொள்ளையாலும் வறட்சியாலும் அந்த ஆறு தளர்ந்த காலத்தில், உலையின் நீராவியைக் கொண்டு கடல்நீரைக் கொதிக்கவைத்துக் குளிர்விக்கும் முறையையும் சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் முறையையும் இணைத்து, நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் திறனுள்ள செயல்விளக்க ஆலை இங்கே அமைக்கப்பட்டது.

கடலின் போக்கை நகரியவாசிகளைவிட மீனவர் நன்கு அறிவர். மின் நிலையம் கடலடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியாகக் குளிர்விக்கும் நீரை எடுக்கிறது. சில பருவங்களில் சொறி எனப்படும் இழுதுமீன்கள் கூட்டங்கூட்டமாக வந்து அந்த நீர்வழியை அடைத்துக்கொள்வது உண்டு. சொறி எப்போது வரும், நீரோட்டம் எப்போது திசை மாறும், வாடை எப்போது வலுக்கும் என்பவை ஆண்டாண்டாக வலை இழுத்தவர்களின் நினைவில் இருப்பவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான ஓய்வு அது. அந்த மாதங்களில் சந்தையில் மீன் விலை ஏறுவதை மட்டும் கவனித்து, ஏன் ஏறுகிறது என்று கேட்காமல் போகிறவர் இக்கரையில் எத்தனை ஆண்டு இருந்தாலும் விருந்தினரே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலநடுக்கம் நிகழ்ந்தபோது இந்திய நேரம் காலை 6.29. ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது மணி ஏறத்தாழ ஒன்பது. இடையில் இருந்த இரண்டரை மணி நேரத்தில் யாரும் யாரையும் எச்சரிக்கவில்லை, ஏனெனில் எச்சரிக்கும் அமைப்பே அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. மின் நிலையத்தில் இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு, கடல்நீர் இறைக்கும் பம்பு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததும் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. வேக ஈனுலைக்காகத் தோண்டப்பட்டிருந்த அடித்தளக் குழி நீரில் மூழ்கியது. உலை தப்பியது, நகரியம் தப்பவில்லை. கடலை ஒட்டிய தெருக்களில், விடுமுறைக் காலையின் ஓய்வில் இருந்த பணியாளர் குடும்பங்களைச் சேர்ந்த பலர் இறந்தனர். பக்கத்துக் குப்பங்களிலும் உயிர்கள் போயின. உலைக்கு ஆயிரம் கோணங்களில் ஆபத்தைக் கணித்த அறிவு, கடலுக்கு நேர் எதிரே வரிசையாக வீடு கட்டியபோது கடலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் கடலோரமாகத் தடுப்புச் சுவர் எழுந்தது. ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆயினும் சுவரைக் கட்டியதோடு கற்க வேண்டியதைக் கற்றுவிட்டதாகக் கருதுவது தவறு. தன் வீட்டிலிருந்து மேட்டு நிலம் எந்தத் திசையில், எத்தனை நிமிட நடையில் இருக்கிறது என்பது ஒவ்வொரு புதுக் குடும்பத்துக்கும் சாவிக்கொத்தோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

முன்னொரு கம்பெனி ஊர்

வேலைக்காகத் தொலைவிலிருந்து வந்தவர்கள், மதில் சூழ்ந்த வளாகத்துக்குள் இக்கரையில் வாழ்வது இது முதல்முறை அன்று. 1602-இல் நிறுவப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பழவேற்காட்டையும் பின்னர் நாகப்பட்டினத்தையும் கைக்கொண்ட அதே 17-ஆம் நூற்றாண்டில், சதுரங்கப்பட்டினத்திலும் தன் வணிகத் தளத்தை அமைத்தது. இவ்வட்டாரத்து நெசவாளர்கள் நெய்த மெல்லிய மஸ்லின் துணியே அதற்கு ஈர்ப்பு. செங்கல் கோட்டையும் கிடங்குகளும் எழுந்தன. கணக்கர்களும் வணிக அலுவலர்களும் கம்பெனியின் நியமனத்தில் சம்பளத்துக்கு வந்தனர். ஐரோப்பியர் அவ்வூரைச் 'சத்ராஸ்' என்றனர். 1782 பிப்ரவரி 17 அன்று இதற்கு நேரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதிய போர் கடற்படை வரலாற்றில் இவ்வூரின் பெயராலேயே குறிக்கப்படுகிறது. 1824-ஆம் ஆண்டின் ஆங்கிலேய–டச்சு உடன்படிக்கைக்குப் பின் இவ்விடம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கம்பெனி போனதும் வணிகம் போயிற்று. துறைமுகம் மீனவர் ஊராகத் திரும்பியது. கோட்டைக்குள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில், டச்சு மொழி எழுத்துகள் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. பணிக்காக வந்து, திரும்பிப் போக முடியாமலே இறந்தவர்களின் கல்லறைகள் அவை.

இன்றைய பணியாளருக்கு 60 வயதில் ஓய்வு. விதி அனுமதிக்கும் சில மாத அவகாசத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில், தாம் நட்ட முருங்கையும் பவழமல்லியும் இருக்க, வேறொருவர் குடிவருவார். சொந்த மாநிலத்துக்குத் திரும்பலாமென்றால் அங்கே ஒரு தலைமுறை மாறிப்போயிருக்கும். ஓய்வுக்குப் பின்னும் தொடரும் துறையின் மருத்துவத் திட்டத்தை எண்ணியே சிலர் சென்னையின் தென்புறநகரிலும், வேறு சிலர் திருக்கழுக்குன்றம், புதுப்பட்டினம் போன்ற அருகூர்களிலும் தங்கிவிடுகிறார்கள். பின்னவர்களே உண்மையில் இந்த ஊருக்குக் குடிவந்தவர்கள். வாயிலுக்கு வெளியே ஏற்கெனவே நான்கு பேரை அறிந்திருந்ததால்தான் அவர்களால் அது முடிந்தது.

ஆகவே நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டிய வேண்டுகோள் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்பவருக்குக் கதிரியக்கப் பாதுகாப்பையும் அலுவலக விதிகளையும் கற்பிக்கும் முதல் வாரங்களில், ஒரு நாளை இந்தக் கரைக்கு ஒதுக்க வேண்டும். குப்பத்து மூத்த மீனவர் ஒருவரை அழைத்துக் கடலைப் பற்றிப் பேசச் சொல்ல வேண்டும். தமிழ் அறியாத குடும்பங்களுக்கு எளிய தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். துணைவருக்குரிய வேலைவாய்ப்பைப் பற்றிய திட்டத்தைக் குடியிருப்புத் திட்டத்தோடு சேர்த்தே வகுக்க வேண்டும். புதிதாக வருபவர் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சதுரங்கப்பட்டினக் கோட்டை நகரியத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது.